வயிற்றுவலி எல்லாம் கேஸ்ட்ரிக் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மருத்துவ உதவியாளராக, தோட்ட மக்கள் அழைக்கும் பெயரில் சொன்னால் டிரசராக, நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தைத் தவறாமல் வாசித்து வருகிறேன். நெஞ்செரிச்சலுக்கு ஒன்று, மலச்சிக்கலுக்கு ஒன்று, வாயுத் தொல்லைக்கு வேறொன்று என்று அங்கு வரும் கைவைத்தியக் குறிப்புகளில் பயனுள்ளவை பல உண்டு. ஆனால் அந்தக் குறிப்பு எந்த உறுப்பைப் பற்றியது, அந்த உறுப்பு உடம்பில் எங்கே இருக்கிறது, அது என்ன வேலை செய்கிறது என்பது தெரியாமலேயே நம் மக்கள் அதைப் பின்பற்றுகிறார்கள். மருந்தைச் சொல்வதற்கு முன் உறுப்பைச் சொல்ல வேண்டும் என்று வலியுறுத்தவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

எங்கள் வட்டாரத்தில் நெஞ்சுக்குழியில் தொடங்கி அடிவயிறு வரைக்கும் எங்கே வலித்தாலும் அதற்கு ஒரே பெயர், கேஸ்ட்ரிக். மருந்தகத்தின் சன்னலுக்கு முன்னால் வந்து நின்று, "டிரசர் ஐயா, கேஸ்ட்ரிக் மாத்திரை ரெண்டு குடுங்க" என்று கேட்பவர்களிடம், வலிக்கும் இடத்தை ஒரே விரலால் தொட்டுக் காட்டும்படி சொல்வது என் வழக்கம். ஒருவர் தொப்புளுக்கு மேலே நடுவில் தொடுவார். ஒருவர் வலப்பக்க விலா எலும்புக்குக் கீழே தொடுவார். ஒருவர் தொப்புளில் தொடங்கிய வலி இப்போது வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கிவிட்டது என்று விரலை நகர்த்திக் காட்டுவார். இன்னொருவரோ விரலால் காட்ட முடியாமல் உள்ளங்கையையே நெஞ்சின் மீது அகல விரித்து வைப்பார். இவர்கள் நால்வருமே கேட்டது ஒரே மாத்திரையைத்தான். ஆனால் முதலாமவருக்கு இரைப்பையிலும், இரண்டாமவருக்குப் பித்தப்பையிலும், மூன்றாமவருக்குக் குடல்வாலிலும், நான்காமவருக்கு இதயத்திலும் கோளாறு இருக்கக்கூடும்.

இரைப்பையிலிருந்து தொடங்குகிறேன். அது பலர் நினைப்பது போலத் தொப்புளைச் சுற்றி இருப்பதில்லை. மேல்வயிற்றில், சற்றே இடப்பக்கமாக, விலா எலும்புகளின் மறைவில் இருக்கிறது. பெரியவர் ஒருவருக்கு வயிறாரச் சாப்பிட்டால் ஏறத்தாழ ஒரு லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை அது கொள்ளும். வந்து சேரும் உணவைத் தசைகளால் பிசைந்து கூழாக்குவதும், ஹைட்ரோகுளோரிக் அமிலத்தாலும் பெப்சின் என்னும் நொதியாலும் புரதத்தை உடைக்கத் தொடங்குவதும், அந்தக் கூழைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுகுடலுக்குள் விடுவதும் அதன் வேலை. செரிமானத்தின் பெரும்பகுதி இரைப்பையில் நடப்பதில்லை, சிறுகுடலில்தான் நடக்கிறது. இரைப்பையிலிருந்து ஒரு சாதாரணச் சாப்பாடு இறங்க இரண்டு முதல் நான்கு மணி நேரம் ஆகும். கொழுப்பு மிகுந்தது இன்னும் தாமதமாக இறங்கும். இரவு பத்து மணிக்குத் தேங்காய்ப்பால் சோறும் பொரித்த கோழியும் உண்டுவிட்டு உடனே படுப்பவருக்கு நள்ளிரவில் நெஞ்செரிவதன் காரணம் இதுதான். உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் உள்ள சுருக்குத்தசை தளர்ந்திருந்தால், படுத்தவுடன் அமிலம் மேலேறி உணவுக்குழாயைச் சுடுகிறது. இப்படிப்பட்டவர்கள் உண்டபின் இரண்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுப்பதும், கட்டிலின் தலைமாட்டை உயர்த்திக்கொள்வதும் நல்லது.

அந்த அமிலம் மாமிசத்தையே கரைக்கும் வலிமை உடையது என்றால், அது ஏன் இரைப்பையைக் கரைப்பதில்லை என்ற கேள்வியைத் தமிழ்ப்பள்ளி மாணவர்கள் என்னிடம் கேட்டதுண்டு. நல்ல கேள்வி. இரைப்பையின் உட்சுவர் வழவழப்பான ஒரு சளிப்படலத்தைத் தன்மேல் ஓயாமல் பூசிக்கொள்கிறது. அந்தப் படலத்துக்குள் அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட்டும் கலந்திருக்கிறது. சுவரின் மேற்பரப்பு உயிரணுக்கள் சில நாள்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாக முளைக்கின்றன. இந்தக் காப்பு எங்கே குறைகிறதோ அங்கேதான் புண் வருகிறது. ஆகவே புண்ணைப் பற்றிக் கேட்கும்போது, அமிலம் ஏன் கூடியது என்று மட்டும் கேட்காமல், காப்பு ஏன் குறைந்தது என்றும் கேட்க வேண்டும்.

காலையில் வெறும் கோப்பி-ஓ குடித்துவிட்டு இருட்டிலேயே ரப்பர்ப் பால்மரம் வெட்டப் போய், பால் எடுத்து நிறுத்துக் கொடுத்த பிறகு வெயிலேறி வந்து சாப்பிட்டதால்தான் எங்களுக்குக் குடல்புண் வந்தது என்று எங்கள் தலைமுறை நம்புகிறது. மிளகாய்க் காரத்தின் மீதும் பழி போடுகிறோம். காரமும் பட்டினியும் ஏற்கெனவே இருக்கும் எரிச்சலை அதிகமாக உணரச் செய்யலாம். ஆனால் இரைப்பைப் புண்ணுக்கும், சிறுகுடலின் தொடக்கமான முன்சிறுகுடலில் வரும் புண்ணுக்கும் தலையாய காரணங்கள் இரண்டு. ஒன்று ஹெலிகோபேக்டர் பைலோரி என்னும் கிருமி. அவ்வளவு அமிலத்தில் எந்தக் கிருமியும் வாழ முடியாது என்று மருத்துவ உலகம் உறுதியாக நம்பியிருந்த காலத்தில், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பேரி மார்ஷல் என்ற இரு மருத்துவர்கள் 1982இல் அதை ஆய்வகத்தில் வளர்த்துக் காட்டினார்கள். நம்பாதவர்களுக்கு மெய்ப்பிப்பதற்காக மார்ஷல் 1984இல் அந்தக் கிருமியைத் தாமே குடித்து, இரைப்பை அழற்சிக்கு ஆளானார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டில் நடந்த ஆய்வுகள் இந்தக் கிருமித்தொற்று மலாய்க்காரர்களைவிட இந்தியர்களிடமும் சீனர்களிடமும் கூடுதலாக இருப்பதைக் காட்டியுள்ளன. இதற்கான சோதனையும் உண்டு, சிகிச்சையும் உண்டு. அமிலத்தைக் குறைக்கும் மருந்தோடு நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளையும் சேர்த்து, பெரும்பாலும் 14 நாள்களுக்கு மருத்துவர் தருவார். கடையில் வாங்கி மெல்லும் வெள்ளை மாத்திரை அப்போதைக்கு அமிலத்தை முறிக்குமே தவிர, கிருமியைத் தொடாது. ஆண்டுக்கணக்காக அந்த மாத்திரையை மென்றுகொண்டே இருப்பவர்கள் ஒருமுறையேனும் இந்தச் சோதனையைக் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும்.

இரண்டாவது காரணம் வலி மாத்திரைகள். இதைப் பற்றி நான் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் தோட்டத்து உடம்பு வலிகண்ட உடம்பு. செம்பனைக் குலையை அறுத்துத் தள்ளியவர்களுக்குத் தோளும் இடுப்பும், காண்டா என்னும் தோள்கம்பில் பால்வாளி சுமந்தவர்களுக்கு முழங்காலும் முதுமையில் விடாமல் வலிக்கின்றன. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், மெஃபெனமிக் அமிலம் போன்றவை வலியைக் குறைப்பது புரோஸ்டாகிளான்டின் என்னும் பொருள் உண்டாவதைத் தடுத்துத்தான். அதே பொருள்தான் இரைப்பையின் சளிப்படலத்தையும் காத்து வருகிறது. எனவே முழங்கால் வலி அடங்குகின்ற அதே நேரத்தில் இரைப்பையின் காப்பும் மெலிகிறது. பால்மரம் வெட்டி ஓய்ந்த ஒரு பாட்டி, ஒருமுறை தம் சேலை முந்தானையில் முடிந்து வைத்திருந்த சிறு பிளாஸ்டிக் பொட்டலத்தை அவிழ்த்து என் மேசைமீது வைத்தார். பெயர் அச்சிடாத மஞ்சள் மாத்திரைகளும், பச்சையும் வெள்ளையுமான குளிகைகளும் அதில் கலந்து கிடந்தன. சந்தையில் யாரோ விற்றது, காலுக்கு ரொம்ப நல்லது என்றார். மலம் என்ன நிறத்தில் போகிறது என்று கேட்டேன். "தாரு மாதிரி கருப்பா, பிசுபிசுன்னு போகுதய்யா" என்று சாதாரணமாகச் சொன்னார். இரைப்பையில் கசியும் இரத்தம் குடல் வழியாக இறங்கிச் செரிமானமாகி வெளியே வரும்போது அந்த நிறம்தான் வரும். அன்றே அவரை மருத்துவமனைக்கு அனுப்பினோம். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும் என்பது உண்மை. ஆனால் தார்போல ஒட்டும் பதமும் கடும் நாற்றமும் சேர்ந்தால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. சந்தைகளில் விற்கும் மூட்டுவலி ஜாமு, மஜூன் போன்ற நாட்டுமருந்து வகைகளில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகள் மறைவாகக் கலக்கப்படுவதாகச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்துள்ளது. பெட்டியில் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஒளிமுத்திரை ஒட்டும் இல்லாத எதையும் வாங்காதீர்கள் என்று நம் பெரியவர்களுக்குப் பிள்ளைகள்தாம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

இரைப்பையை விட்டு இறங்கினால் சிறுகுடல். பெரியவர்களுக்கு அதன் நீளம் சுமார் 6 மீட்டர். அதன் முதல் 25 சென்டிமீட்டர் அளவுள்ள முன்சிறுகுடலில்தான் கல்லீரல் சுரக்கும் பித்தநீரும் கணையம் சுரக்கும் கணையநீரும் வந்து சேர்கின்றன. பித்தநீர் கொழுப்பை நுண்துளிகளாகச் சிதறடிக்கிறது. கணையநீர் இரைப்பையிலிருந்து வந்த அமிலத்தை முறிப்பதோடு, மாவுச்சத்து, புரதம், கொழுப்பு ஆகிய மூன்றையும் உடைக்கும் நொதிகளையும் கொண்டு வருகிறது. இப்படி உடைபட்டவற்றைக் குடலின் உட்சுவரில் அடர்ந்திருக்கும் குடலுறிஞ்சிகள் இரத்தத்துக்குள் ஏற்றுகின்றன. இந்த உட்பரப்பை விரித்தால் ஒரு டென்னிஸ் மைதானம் அளவுக்கு வரும் என்று பழைய பாடநூல்கள் எழுதின. சுவீடன் நாட்டு கோத்தன்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் மீண்டும் அளந்து, அது பாதிப் பூப்பந்து (பேட்மிண்டன்) மைதானம் அளவே என்று திருத்தினார்கள். அதுவே பெரிய பரப்புதான்.

பித்தப்பை கல்லீரலுக்குக் கீழே ஒட்டியிருக்கும் சிறு பை. கொழுப்பான உணவு வரும்போது அது சுருங்கிப் பித்தநீரைப் பீய்ச்சும். உள்ளே கல் இருந்து வழியை அடைத்தால், எண்ணெய்ப் பண்டம் சாப்பிட்ட சில மணி நேரத்தில் வலது விலாவின் கீழே கடுமையாக வலித்து, வலது தோள்பட்டை வரைக்கும் இழுக்கும். கணையம் இரைப்பைக்குப் பின்னால் முதுகுப் பக்கமாகக் கிடப்பதால், அது அழற்சி அடைந்தால் மேல்வயிற்றிலிருந்து முதுகைத் துளைத்துக்கொண்டு போவது போல வலிக்கும். முன்னால் குனிந்து உட்கார்ந்தால் சற்றுக் குறையும். பித்தக்கல்லும் மதுவுமே இதற்கு முதன்மையான காரணங்கள். சம்சு என்னும் மலிவுச் சாராயம் குடித்தவர்கள் இந்த வலியோடு வரும்போதும் கேஸ்ட்ரிக் என்றே சொல்லி வந்தார்கள்.

கணையத்தைப் பற்றி நம் சமூகம் இன்னும் கூடுதலாக அறிந்திருக்க வேண்டும். நொதிகளைச் சுரப்பது அதன் ஒரு வேலை. அதனுள் திட்டுத்திட்டாகச் சிதறியிருக்கும், மொத்த எடையில் நூற்றில் ஓரிரு பங்கே உள்ள உயிரணுக் கூட்டங்கள் இன்சுலினைச் சுரக்கின்றன. 2019ஆம் ஆண்டு நடந்த தேசிய சுகாதார, நோய்நிலை ஆய்வின்படி இந்நாட்டில் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களில் அது 31.4 விழுக்காடு. நீரிழிவு என்றால் சிறுநீரகமும் கண்ணும் காலும் என்று நினைக்கிறோம். அது செரிமானத்தையும் கெடுக்கும் என்பதைச் சொல்வார் குறைவு. பல ஆண்டுகள் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு, இரைப்பையை இயக்கும் நரம்பு பழுதடைந்து, உண்டது இறங்காமல் தேங்கி நிற்கும். இரண்டு கவளத்திலேயே வயிறு நிறைந்துவிடும், குமட்டும், சர்க்கரை அளவும் காரணமின்றி ஏறி இறங்கும். இதைத்தான் வாயு என்று சொல்லி, சோடாவும் ஓமத்தண்ணீரும் குடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

நீரிழிவுக்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரையையும் இங்கே சொல்லியாக வேண்டும். தொடக்கத்தில் அது சிலருக்கு வயிற்றுப்போக்கையும் உப்புசத்தையும் தரும். உடனே "இந்த மாத்திரை என் குடலுக்கு ஆகாது" என்று தாமாகவே நிறுத்திவிட்டு, கிளினிக்கில் கேட்டால் சாப்பிடுகிறேன் என்று தலையாட்டுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கினாலும், குறைந்த அளவில் தொடங்கினாலும், மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றிக்கொண்டாலும் பெரும்பாலோருக்கு அந்தத் தொல்லை அடங்கிவிடும். நீண்டகாலம் உண்பவர்களுக்கு பி12 உயிர்ச்சத்து குறையலாம் என்பதும் உண்மை. அந்த உயிர்ச்சத்து உடலில் சேர, இரைப்பை சுரக்கும் ஒரு புரதத்தோடு அது இணைந்து சிறுகுடலின் கடைக்கோடி வரை பயணம் செய்ய வேண்டும். பாதம் மரத்துப் போவதை எல்லாம் சர்க்கரையின் கணக்கில் எழுதிவிடாமல், பி12 அளவையும் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

குடலுக்குள் ஒரு நாளில் ஓடும் நீரின் அளவு வாசகர்களை வியக்க வைக்கும். நாம் குடிப்பதும் உண்பதும் சேர்ந்து ஏறத்தாழ 2 லிட்டர். அதோடு உமிழ்நீர், இரைப்பைநீர், பித்தநீர், கணையநீர், குடல்நீர் என்று உடம்பே சுரப்பது இன்னொரு 7 லிட்டர். இந்த 9 லிட்டரில் பெரும்பகுதியைச் சிறுகுடல் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. மீதியைப் பெருங்குடல் உறிஞ்சி, மலத்தோடு வெளியேறுவது 100 முதல் 200 மில்லிலிட்டர் மட்டுமே. வயிற்றுப்போக்கில் ஒரு குழந்தை சில மணி நேரத்திலேயே துவண்டுவிடுவது, இந்த உறிஞ்சும் வேலை தடைப்படுவதால்தான். சர்க்கரையும் உப்பும் சேர்ந்து வரும்போது குடல்சுவர் இரண்டையும் ஒருங்கே உள்ளே இழுக்கும், பின்னாலேயே நீரும் போகும். காலரா நோயில்கூட இந்த வழி அடைபடுவதில்லை. 1971இல் வங்காளதேச விடுதலைப் போரின்போது, மேற்கு வங்கத்தின் போன்கான் அகதி முகாமில் நரம்பு வழி ஏற்றும் நீர் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தே ஏராளமானோரைக் காப்பாற்றினார். கிளினிக்கில் கொடுக்கும் உப்புக்கரைசல் பொட்டலமும் இதே முறையைச் சேர்ந்ததுதான். கையில் பொட்டலம் இல்லாவிட்டால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் தேக்கரண்டி மட்டமாக ஆறு அளவு சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலக்கலாம். நம் பாட்டிமார் கொடுத்த உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீரும் இதே முறையில்தான் வேலை செய்தது. இனிப்பு மிகுந்த டின் பானங்களைக் குழந்தைக்குக் கொடுப்பது தவறு. மிகுதியான சர்க்கரை உடம்பிலிருந்து நீரைக் குடலுக்குள் இழுத்துப் போக்கை அதிகமாக்கும்.

குடல் உறிஞ்சியதில் கொழுப்பின் பெரும்பகுதி தவிர மற்றவை எல்லாம் ஒரு பெரிய இரத்தக்குழாய் வழியாக நேரே கல்லீரலுக்குத்தான் முதலில் போகின்றன. சர்க்கரையைச் சேமித்து வைப்பதும், மருந்தையும் மதுவையும் நச்சையும் முறிப்பதும் அங்கேதான். தேவைக்கு மிஞ்சிய சர்க்கரையையும் அது கொழுப்பாக மாற்றித் தன்னிடமே வைத்துக்கொள்ளும். ஒரு துளி மது தொடாத பெண்களுக்கும் கல்லீரலில் கொழுப்பு படிவது எப்படி என்று கேட்பவர்கள், கெட்டிப்பாலும் சீனியும் கலந்த தே தாரேக் ஒரு நாளில் எத்தனை என்று எண்ணிப் பார்க்கட்டும்.

பெருங்குடல் சுமார் ஒன்றரை மீட்டர் நீளம். நீரை உறிஞ்சுவதோடு, நாம் செரிக்க முடியாத நார்ச்சத்தை அங்கு வாழும் நுண்ணுயிர்களுக்கு உணவாக்குகிறது. கீரையும் பயறும் குறைந்து வெள்ளைச் சோறும் மீ என்னும் நூடல்ஸும் மிகுந்த தட்டு அந்த நுண்ணுயிர்களைப் பட்டினி போடுகிறது. இந்நாட்டில் அதிகம் காணப்படும் புற்றுநோய்களுள் பெருங்குடல் புற்றுநோய் முன்னிலையில் உள்ளது. பெரும்பாலோர் முற்றிய பிறகே வருகிறார்கள். 50 முதல் 75 வயது வரை உள்ளவர்களுக்கு, மலத்தில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும் இரத்தத்தைக் கண்டறியும் சோதனை அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகளில் செய்யப்படுகிறது. வலியோ ஊசியோ இல்லாத சோதனை. வெட்கம் ஒன்றுதான் தடையாக நிற்கிறது.

வரிசைப்படி முதலில் வந்திருக்க வேண்டிய வாயை ஒரு காரணத்துக்காகப் பின்னுக்கு வைத்தேன். மாவுச்சத்தின் செரிமானம் உமிழ்நீரிலேயே தொடங்குகிறது என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். ஆனால் வாயும் புற்றுநோய் வரும் உறுப்பு என்பதையும், இந்நாட்டில் வாய்ப் புற்றுநோய் இந்தியர்களிடையே, குறிப்பாகப் புகையிலையோடு வெற்றிலை பாக்கு போடும் பெண்களிடையே மிகுதி என்பதையும் எத்தனை குடும்பங்கள் அறிந்துள்ளன? இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ, கன்னத்தின் உட்புறம் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ இருந்தால் பல் மருத்துவரிடம் வாயைத் திறந்து காட்ட வேண்டும்.

உள்ளங்கையை நெஞ்சின் மீது விரித்து வைப்பவரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இதயம் செரிமான உறுப்பு அன்று. ஆனால் மாரடைப்பு வலி மேல்வயிற்றில் தொடங்குவதுண்டு. வேர்த்துக் கொட்டுதல், மூச்சு வாங்குதல், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் இறுக்கம் ஆகியவற்றுள் ஒன்று சேர்ந்தாலும், மாத்திரை மென்று, தைலம் தேய்த்து, பொழுது விடியட்டும் என்று படுக்கக் கூடாது. 999ஐ அழைக்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல் வெறும் அசதியும் குமட்டலுமாகக்கூட அது வரும்.

ஆசிரியர் அவர்களே, தங்களிடம் என் வேண்டுகோள் ஒன்று உண்டு. மருத்துவப் பக்கத்தின் ஓர் இதழை முழுமையாக ஒதுக்கி, செரிமான உறுப்புகள் உடம்பில் இருக்கும் இடங்களைப் பெரிய வரைபடமாக, பெயர்களைத் தெளிவான எழுத்தில் போட்டு வெளியிடுங்கள். ஒவ்வோர் உறுப்பின் பக்கத்திலும் அது நோயுற்றால் வலி எங்கே தோன்றி எந்தப் பக்கம் பரவும் என்பதை ஓரிரு வரிகளில் ஒரு மருத்துவரைக் கொண்டு எழுதச் செய்யுங்கள். வீட்டில் மூத்தவர்கள் கண்ணாடி இல்லாமல் வாசிக்கும் அளவுக்கு எழுத்து பெரிதாக இருக்கட்டும். எங்கள் ஊர்த் தமிழ்ப்பள்ளியிலும், கோயில் மண்டபத்திலும், பழைய தோட்டக் குடியிருப்புகளில் எஞ்சியுள்ள மளிகைக் கடைகளிலும் அதை ஒட்டும் பொறுப்பை நானும் என்னோடு ஓய்வு பெற்ற நண்பர்களும் ஏற்றுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தோட்ட மருத்துவ உதவியாளர்,
சுங்கை சிப்புட், பேராக்.